பரணில் கிடக்கும் லேப்டாப்பே சர்வர்

மண்டபம், பாம்பன் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் காற்று வலுத்தால் கரண்ட் போகும், அதனால் சொந்த புராஜெக்ட்டுக்கு வீட்டிலேயே சர்வர் வைக்க நினைப்பவர்கள் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியை வாங்கும் முன் பரணில் கிடக்கும் பழைய லேப்டாப்பை எடுத்துப் பாருங்கள். பேட்டரி அரை மணி நேரம் தாங்கினாலே அதுதான் யுபிஎஸ் (உப்பியிருந்தால் மட்டும் வேண்டவே வேண்டாம்). பேட்டரி இல்லாத ராஸ்பெரி பையில் தகவல் பதிவாகும்போது கரண்ட் போய் எனக்கு இரண்டு எஸ்டி கார்டு பாழானது.

லேப்டாப்பில் டெபியன் (லினக்ஸ் இயங்குதளம்) போடும்போது டெஸ்க்டாப்பை விட்டுவிட்டு எஸ்எஸ்ஹெச் சர்வரை (வேறு கணினியிலிருந்து இதற்குள் நுழையும் வழி) மட்டும் டிக் செய்யுங்கள். மூடியை மூடினால் தூங்கிவிடும். லாகின்ட் கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பில் 'ஹேண்டில் லிட் ஸ்விட்ச்' வரிக்கு முன்னால் உள்ள ஹேஷ் குறியை எடுத்து, மதிப்பை 'இக்னோர்' என்று மாற்றி ரீஸ்டார்ட் செய்தால் சரி. அப்புறம் எழுதிய புரோகிராம் கோடை வைக்கப் பெரிய மென்பொருள் எதற்கு? ஒரு ஃபோல்டரில் 'பேர்' (bare) கிட் ரெப்போ, அதாவது கோடின் மாற்ற வரலாற்றை மட்டும் வைக்கும் களஞ்சியம், உருவாக்கினால் எஸ்எஸ்ஹெச் வழியாகவே கோடை அதற்கு அனுப்பலாம் (புஷ்). செய்த வெப் பக்கத்தை வீட்டுக்குள் பார்க்க பைத்தானோடு வரும் குட்டி சர்வரே போதும், 8000 போர்ட்டில் திறக்கும், ஆனால் அதை வெளியுலகத்துக்குத் திறந்துவிடாதீர்கள்.

கடல் பார்த்த ஜன்னலோரம் மட்டும் வைக்காதீர்கள், உப்புக்காற்றில் யுஎஸ்பி வாயில் பச்சை படிந்துவிடும்.