கல்லைப் பார்க்கப் போய்க் கயிற்றைப் பார்த்துவிட்டு வராதீர்கள்

வரலாற்றுக்கு முந்தைய காலத்து இடங்களைப் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு, படத்தை நம்பிக் கிளம்புவதுதான். இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தின் படங்களில் ஆளே இல்லாத புல்வெளியில் கற்கள் மட்டும் நிற்கும். நேரில் போனால் கயிறு கட்டி, சற்றுத் தள்ளியிருக்கும் பாதையில்தான் சுற்றிவர விடுவார்கள், 1970களின் கடைசியிலிருந்தே அப்படித்தான். கற்களுக்கு நடுவே நிற்க ஆசையென்றால் அதிகாலை அல்லது மாலை நேரத் தனி அனுமதிக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அது கிடைக்கவில்லையா, காரில் ஒரு மணி நேரத்துக்குள் ஏவ்பரி இருக்கிறது. அதைவிடப் பெரிய கல்வட்டம், உள்ளேயே ஒரு கிராமம், கல்லுக்குக் கல் நடந்து போகலாம். பேர்பெற்றதைப் பார்த்த கையோடு திரும்புகிறவர்கள் கோட்டைவிடுவது இதைத்தான்.

அடுத்தது, போனால் உள்ளே விட்டுவிடுவார்கள் என்ற நினைப்பு. மால்டாவின் ஹால் சஃப்லியெனி நிலத்தடிக் கல்லறைக்குள் ஒரு நாளைக்கு 80 பேருக்குத்தான் அனுமதி, அதுவும் பத்துப் பத்துப் பேராக. விமான டிக்கெட்டுக்கு முன்னால் இந்த டிக்கெட்டை வாங்குங்கள். அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் என்ற பழங்காலக் கல்லறை மேட்டுக்கு நேராக வாசல் வரை ஓட்டிப்போய்ப் பயனில்லை, பார்வையாளர் மையத்திலிருந்து அவர்களுடைய பேருந்தில்தான் போக முடியும்.

பிரான்ஸில், ஆதிமனிதர்கள் வரைந்த ஓவியங்கள் உள்ள லாஸ்கோவின் நிஜக் குகையை 1963-லேயே மூடிவிட்டார்கள். கூட்டம் கூட்டமாக வந்தவர்களின் மூச்சுக்காற்றே ஓவியங்களைக் கெடுத்தது. இப்போது பார்க்கக் கிடைப்பது நகல். நகல்தானே என்று மூக்கைச் சுளித்துப் போகாமல் இருப்பதும் தவறுதான், ஏனென்றால் சுவரின் மேடுபள்ளம் வரைக்கும் அப்படியே எடுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து ஓவியன் பாறையின் புடைப்பையே மிருகத்தின் உடம்பாக எப்படிப் பயன்படுத்தினான் என்பது தட்டையான படத்தில் தெரியாது.

தெளிவாகத் தெரியட்டும் என்று பாறை ஓவியத்தில் தண்ணீர் தெளிப்பது, செதுக்கலில் சாக்பீஸ் தேய்ப்பது, தரையில் கிடக்கும் ஓட்டுச்சில்லைப் பையில் போடுவது, இதெல்லாம் கூடவே கூடாது.

அப்புறம் வெயில். உச்சிவெயிலில் செதுக்கல்கள் கண்ணுக்கே படாது, சாய்ந்த வெளிச்சம் வேண்டும். 1953-ல் ஸ்டோன்ஹெஞ்சில் ரிச்சர்ட் அட்கின்சன் என்ற தொல்லியலாளர் ஒரு கல்லில் இருந்த பழைய எழுத்துகளைப் படமெடுக்க மாலை வெயிலுக்காகக் காத்திருந்தார். கேமராவில் பார்த்தால், அதற்குக் கீழே ஒரு குத்துவாள் செதுக்கல்! அத்தனை பேர் பார்த்துப்போன கல் அது. அதனால் சாயங்காலமாகப் போங்கள், ஆனால் கடைசி நுழைவு நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் மூடுவதற்கு வெகு முன்பே உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள்.