போரேட் கற்கள் பெட்டிக்குள்ளேயே வெளுப்பது ஏன்?

கனிமம் எதுவானாலும் பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் போதும் என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. உப்புப் படிகமான ஹாலைட்டுக்கு அது சரி. போரான் கலந்த கனிமங்களான போரேட்டுகளில் ஒன்றான போராக்ஸுக்கு, அதாவது வெங்காரத்தின் இயற்கைப் படிகத்துக்கு, அதுவே எமன். போராக்ஸின் எடையில் ஏறத்தாழ 47 விழுக்காடு படிகத்துக்குள் கட்டுண்ட நீர். சுற்றியுள்ள காற்று வறண்டால் அதில் பாதி வெளியேறி, கண்ணாடி போன்ற கல் டிங்கல்கோனைட் என்ற வெள்ளை மாவாகிவிடும். பிறகு நீர் தெளித்தாலும் பழைய படிகம் வராது.

மதுரை அக்கினி நட்சத்திரத்தில், மொட்டை மாடிக்கு நேர்கீழ் அறையில் நிற்கும் இரும்பு பீரோதான் இதற்கு மிக மோசமான இடம். ஏசி அறையும் தீர்வல்ல. ஏசி காற்றின் ஈரத்தையும் எடுத்துவிடும். கல்லைவிடச் சற்றே பெரிய, ரப்பர் வளைய மூடியுள்ள டப்பாவில் வைத்து, கீழ்த்தளத்தில் வெயில் படாத உள்சுவர் அலமாரியில் வையுங்கள். டப்பாவில் காலியிடம் குறைந்தால், கல் விடும் சிறிதளவு ஈரமே உள்காற்றை நிறைத்து மேற்கொண்டு இழப்பைத் தடுக்கும். வாங்கிய அன்றே 0.01 கிராம் வரை காட்டும் தராசில் நிறுத்துக் குறித்து, மாதம் ஒருமுறை ஒப்பிடுங்கள். தெற்கு ஆவணி மூல வீதி நகைப் பட்டறைத் தராசு போதும். வெளுப்பு கண்ணில் படுமுன் எடை காட்டிக்கொடுக்கும். வார்னிஷ் பூசுவது வீண். ஈரம் கசியும், கல்லின் மதிப்பும் போகும்.

போராக்ஸைத் தண்ணீரில் கழுவினால் கரையும். கெர்னைட் என்ற இன்னொரு போரேட் இரு திசைகளில் எளிதாகப் பிளப்பதால் டூத் பிரஷ் பட்டாலே சிராய் சிராயாக உதிரலாம். மெல்லிய ஓவியத் தூரிகை போதும்.

கல்லின் தூளை நெருப்பில் காட்டிப் பச்சைச் சுடர் வந்தால் போரேட்தான் என்று முடிவுகட்டுவதும், அதற்காகக் கல்லைச் சுரண்டுவதும் தவறு. செம்புக் கனிமங்களும் பச்சையாக எரியும். குர்னகோவைட், இந்தரைட் என்ற இரு போரேட்டுகளும் வேதிச் சேர்மானத்தில் அச்சு அசல் ஒன்று, படிக அமைப்புதான் வேறு. எனவே வேதிச் சோதனை அங்கே உதவாது. படிக அமைப்பைக் காட்டும் ஆய்வகச் சோதனைகளான எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுச் சோதனையோ ராமன் நிறமாலையோ வேண்டும்.

இலங்கையின் போரேட் ரத்தினமான சின்ஹலைட்டுக்கு வெளுக்கும் கவலை இல்லை, அதில் நீரே கிடையாது. அதில் நேரும் தவறு வேறு: 1952 வரை அதைப் பெரிடாட் என்ற வேறொரு ரத்தினத்தின் பழுப்பு வகை என்றே விற்றார்கள். காற்றில் உள்ள எடையை, நீரில் மூழ்கும்போது குறையும் எடையால் வகுங்கள். 3.48 அளவில் வந்தால் சின்ஹலைட்டாக இருக்கலாம், பெரிடாட் 3.34 பக்கம் நிற்கும். இந்தச் சோதனையைப் போராக்ஸில் மட்டும் செய்துவிடாதீர்கள்.