எழுத வந்தவரும் போட்டி நடத்துகிறவரும் பாதியில் போகாமல் இருக்க

தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். மனு அடிப்பது, கல்யாணப் பத்திரிகை அடிப்பது, மீனவர் நலவாரிய விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது என்று பகல் ஓடிவிடும். கடை சாத்திய பிறகு இன்னொரு வேலை இருக்கிறது. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடற்கரை ஊர்க்காரர்கள் கதையும் கவிதையும் எழுதுகிற ஒரு வாட்ஸ்அப் குழுவுக்கு நானும் ஓர் அட்மின். துபாயிலும் கத்தாரிலும் கப்பலிலும் வேலை பார்க்கிற நம் பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள்.

இப்படிக் குழு நடத்துகிற மற்றவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஆள் சேர்ப்பது எப்படி என்பதுதான். ஆள் சேர்வது பெரிய காரியமில்லை, லிங்க் அனுப்பினால் வந்துவிடுவார்கள். ஆசையாக முதல் கதையைப் போட்டுவிட்டுப் பதிலே வராமல் காத்திருந்தவர் ஒருவர், ராத்தூக்கம் கெட்டுப் போட்டி நடத்திவிட்டுப் புகாரை மட்டும் வாங்கிக் கட்டிக்கொண்டவர் இன்னொருவர். இந்த இரண்டு பேரும்தான் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போகிறவர்கள். அவர்களைப் பிடித்து நிறுத்த எங்களுக்குக் கைகொடுத்த வழிகளை இங்கே எழுதுகிறேன்.

வந்த புதிதில்

சேர்ந்தவுடனே "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள். கல்லூரிப் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். மகனுடைய போனை வாங்கி வாசிக்கிற கீழக்கரை லாத்தாவும், பத்தாவதோடு படிப்பை விட்டு வலைக்குப் போகிற பையனும் அந்தக் கேள்வியிலேயே ஒதுங்கிவிடுவார்கள். "வாங்க. இங்க எல்லாரும் எழுதுறவங்கதான். வாசிச்சுக்கிட்டே இருங்க, தோணுறப்ப எழுதுங்க, புனைபெயர்லயும் எழுதலாம்." வரவேற்பு இவ்வளவு போதும்.

பெண்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் நம்பர் எல்லார் கண்ணிலும் படுகிறது. சேர்ந்த அன்றே யாரோ ஒருவர் தனியாக "ஹாய் சிஸ்டர், உங்க கவிதை சூப்பர்" என்று அனுப்பினால், அனுப்பியவர் மனசில் தப்பே இல்லாவிட்டாலும், வீட்டில் அந்தப் போனைப் பார்க்கிறவர்கள் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்தப் பெண் எழுதுவது அத்தோடு நின்றுபோகும். அதனால் கருத்து எதுவானாலும் குழுவுக்குள்ளேயே சொல்ல வேண்டும், தனியாகப் பேச வேண்டுமென்றால் குழுவிலேயே கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் பேச வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம். மீறினால் நீக்கம். எவ்வளவு பெரிய கவிஞராக இருந்தாலும் இதில் இரக்கம் காட்டாதீர்கள். நம்பரே தெரிய வேண்டாம் என்கிறவர்களுக்கு டெலிகிராமில் ஒரு குழு வைத்திருக்கிறோம், அங்கே எண்ணை மறைத்துக்கொள்ளலாம். அட்மின்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

டைப் அடிக்கத் தெரியாதவர்களை விட்டுவிடாதீர்கள். போனில் ஜிபோர்டு என்கிற கீபோர்டில் மைக்கை அழுத்திப் பேசினால் தமிழில் எழுத்தாகிவிடும் என்பதை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தரம் காட்டினால் போதும். பேசியதெல்லாம் புள்ளியே இல்லாமல் ஒரே பத்தியாக வரும், அதை யாராவது பிரித்துக் கொடுக்க வேண்டும். பெரியவர்கள் நோட்டில் எழுதிப் போட்டோ அனுப்பினாலும் வாங்கிக்கொள்ளுங்கள். அப்படி வருவதை நான் கடையிலேயே அடித்துப் போட்டுவிடுகிறேன்.

முதல் எழுத்துக்குப் பதில்

முதல் எழுத்து வந்த அன்று இரவுக்குள் ஒருவராவது பதில் எழுதியிருக்க வேண்டும். அதற்கு வாரத்துக்கு ஒருவர் என்று முறை போட்டிருக்கிறோம். கைகூப்புகிற படம், "அருமை", "வாழ்த்துகள் தோழர்" எல்லாம் இந்தக் கணக்கில் சேராது. உண்மையாகவே வாசித்தார்களா என்பது அதிலிருந்து எழுதியவருக்குத் தெரியாது.

பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிற ஓர் அக்கா சேர்ந்தார். கொஞ்ச நாள் கழித்து, குரலில் சொல்லி எழுத்தாக்கிய ஒரு பக்கத்தைப் போட்டார். முதல் பாதி முழுக்க விடியற்கால வானம், வெள்ளி அலை, கடல் தாய். எப்போதோ பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதிய ஞாபகம் அதில் தெரிந்தது. நடுவில் ஒரே ஒரு வரி: "பாறையில பாசியைப் பிடுங்குறப்ப விரல் கிழியாம இருக்கத் துணி சுத்திக்குவோம்." அடுத்த வரியில் மறுபடியும் கடல் தாய் வந்துவிட்டாள்.

அந்த வாரம் முறை, தொண்டியில் மளிகைக் கடை வைத்திருக்கிற ஓர் அண்ணனுடையது. அவர் வானத்தையும் தொடவில்லை, கடல் தாயைக் குறையும் சொல்லவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துப் போட்டு, "அக்கா, இந்த வரிக்கிட்ட நின்னுட்டேன். என்ன துணி அது? எல்லா விரலுக்குமா சுத்துவீங்க?" என்று கேட்டார். ராத்திரியே பதில் வந்தது. பழைய பனியன் துணிதான் நல்லது. சேலைத் துணி தண்ணீரில் ஊறினால் நழுவிவிடும். பிடுங்குகிற விரல்களுக்கு மட்டும் சுற்றினால் போதும். இன்னொரு கையிலும் துணி இருப்பதால் முடிச்சைப் பல்லால் கடித்துத்தான் இறுக்க வேண்டும். அந்த உப்புத் துணியின் ருசி, வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடும்போதும் நாக்கில் இருக்கும்.

அதற்குப் பிறகு அவர் எழுதியதில் கடல் தாய் வரவே இல்லை. பாசி மூட்டை, எடைக்காரர், முதுகுவலி, தண்ணீருக்கடியில் கண்ணாடி போட்டுப் பார்த்தது என்று தான் கண்டதைத்தான் எழுதினார்.

பதில் எழுதுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். எழுதியவர் தன் கையால் தொட்டு எழுதிய வரியைத் தேடுங்கள், எவ்வளவு சுமாரான எழுத்திலும் ஒன்று இருக்கும். அதை அப்படியே எடுத்துப் போடுங்கள். அவருக்கு மட்டுமே பதில் தெரிந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். மற்ற இடங்களைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

எழுத்துப் பிழையைச் சபையில் வைத்துத் திருத்தக் கூடாது. ல, ள, ழ மாறியிருக்கும், ஒற்று விட்டுப்போயிருக்கும். முதல் இரண்டு மூன்று எழுத்துக்கு அதைப் பற்றி வாயே திறக்காதீர்கள். எங்கள் குழுவில் தமிழாசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது சிரமம்தான். எழுதியவர் தானாகக் கேட்கும்போது பிழையில்லாத பிரதி ஒன்று எடுத்துக் கொடுக்கிற பொறுப்பை அவர்களிடம் விட்டிருக்கிறோம். கிடைத்த மீனைப் பாடு, படகு முதலாளியைச் சம்மாட்டி, காற்றைக் கச்சான், சோழகம் என்று ஊர்ப் பேச்சில் எழுதுவதை மட்டும் அவர்களும் தொடக் கூடாது.

போட்டி நடத்துகிறவருக்கு

இந்தச் சீமையில் எழுதுகிறவரை ஆதரித்தவர்களுக்கும் பேர் உண்டு. உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடக் காரணமாக இருந்தவர் கீழக்கரைச் சீதக்காதி வள்ளல். வள்ளல் நடுவில் மறைந்துவிட்டார். அதன் பிறகு பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் முன்வந்து ஆதரித்ததால் நூல் அரங்கேறியது. போட்டி நடத்த யார் வந்தாலும் நான் இதைச் சொல்லி, இரண்டாவது ஆளாக யார் நிற்பார் என்று முதலிலேயே கேட்டுக்கொள்வேன். வீட்டில் ஒரு காய்ச்சல், ஒரு மௌத்து என்றால் போட்டி அந்தரத்தில் நிற்கக் கூடாது.

வேலையைப் பிரித்துக் கொடுங்கள். தலைப்பு வைப்பதும் வாசிப்பதும் நடத்துகிறவர் வேலை. படைப்புகளை வாங்கிப் பெயரை எடுத்துவிட்டு எண் போடுவது இன்னொருவர் வேலை. எந்த எண் யாருடையது என்பது முடிவு வரும்வரை அவருக்கு மட்டும்தான் தெரிய வேண்டும். "எத்தனை வார்த்தைக்கா?", "பழைய கதையை அனுப்பலாமா?" என்று திரும்பத் திரும்ப வருகிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல ஒரு பொறுமைசாலி வேண்டும். கூகுள் பாரம் போட்டுவிட்டால் பெயரும் கதையும் தானாக ஷீட்டில் போய் விழுந்துவிடும். யாராவது பாமினி என்கிற பழைய எழுத்துருவில் அடித்து அனுப்பினால் பாதி ஆங்கில எழுத்தாகத் தெரியும். அதைத் தள்ளிவிடாமல் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஒரு நிமிட வேலைதான்.

அறிவிப்புப் போட்ட பிறகு வருகிற அமைதிதான் நடத்துகிறவரைக் கலங்க வைக்கிறது. எல்லாரும் கடைசி ராத்திரிக்குத்தான் அனுப்புவார்கள். அதுவரை ஷீட்டைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்பார், யாருமே எழுத மாட்டார்களோ என்று நினைப்பார். அதனால் அறிவிக்கும் முன்பே நன்றாக எழுதுகிற இரண்டு மூன்று பேரிடம், முதல் வாரத்திலேயே அனுப்புகிறோம் என்று வாக்கு வாங்கி வையுங்கள். நடத்துகிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

தேதியை ஊர் நாள்களைப் பார்த்து வைக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். படகு பழுது பார்த்தது போக ஆண்களுக்கு நேரம் இருக்கும், பிள்ளைகளுக்கும் லீவு. எங்கள் பெரிய போட்டி எப்போதும் மே மாதத்தில்தான். ஆனால் கையில் காசு இல்லாத காலமும் அதுதான், ஆகையால் நுழைவுக் கட்டணம் என்ற பேச்சே கூடாது. ஜூன் முதல் வாரத்தைத் தாண்டிக் கடைசித் தேதி வைத்தால் ஐஸ், டீசல், வலை என்று எல்லாரும் ஓடிக்கொண்டிருப்பார்கள். நோன்பின் கடைசிப் பத்து, ஜூலை 25ஐ ஒட்டி வருகிற எங்கள் ஊர் சந்தியாகப்பர் கோயில் திருவிழா வாரம், ராமேஸ்வரத்தில் கூட்டம் நெரிகிற ஆடி அமாவாசை, இவையும் வேண்டாம்.

தலைப்பு விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. தாய்மை, நட்பு, இயற்கை என்று வைத்தால் எல்லாக் கதையும் ஒன்று போலவே வரும், வாசிக்கிறவர் அலுத்துப்போவார். ஒருமுறை "பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிய நாள்" என்று ஒருவர் வைத்தார். நனைந்த கருவாட்டை வீட்டுக்குள் பரப்பி, அந்த வாடையோடு படுத்த ராத்திரியை ஒருவர் எழுதினார். கூண்டு ஏறியதால் நின்றுபோன நிச்சயதார்த்தத்தை இன்னொருவர் எழுதினார். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியில் பிள்ளையைப் பறிகொடுத்த தன் பாட்டியைப் பற்றி ஒரு பெண் எழுதியிருந்தார். நடத்தியவர் திகைத்துவிட்டார். அதற்கு எப்படி மார்க் போடுவது? அந்தப் பெண்ணிடமே கேட்கச் சொன்னோம், போட்டியில் இருக்கட்டுமா, தனியாக வாசிக்கட்டுமா என்று. தனியாக என்றார். ஒரு சாயங்காலம் குழுவில் அது ஒன்று மட்டும்தான், வேறு எதுவும் யாரும் போடவில்லை. கடலில் காணாமல் போனவர், இலங்கைச் சிறையில் இருப்பவர் வீடுகள் நம் குழுக்களில் உண்டு. அதைத் தொடுகிற தலைப்பு வைக்க நினைப்பவரிடம், முதலில் அந்த வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

முடிவு அறிவிக்கும்போது பரிசு வாங்காதவருக்கும் இரண்டு வரி போக வேண்டும். எல்லாவற்றையும் ஒருவரே எழுத முடியாது, ஆளுக்கு ஐந்து ஐந்தாகப் பிரித்துக்கொள்ளுங்கள். "இந்தக் கதைக்கா முதல் பரிசு?" என்று கிளம்புகிறவர் எப்போதும் இருப்பார். புகார் என்னிடம்தான் வர வேண்டும், மறுநாள் பேசுவேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். நடத்தியவர் பாதி ராத்திரியில் உட்கார்ந்து யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

சான்றிதழ் அடிக்கும்போது வென்றவர்களுக்கு அடிப்பதோடு நிறுத்திவிடாமல், நடத்தியவருக்கும் கெட்டி அட்டையில் ஒன்று அடித்துக் கொடுக்கிறேன். தலைப்பு வைத்தார், இத்தனை கதை வாசித்தார், ஒவ்வொருவருக்கும் எழுதினார் என்று செய்த வேலையை விவரமாகப் போடுவேன். முன்னெழுத்தை அவர் எழுதுகிற மாதிரியே போட வேண்டும். இன்னொன்றையும் மறக்காதீர்கள். போட்டி நடத்துகிற காலத்தில் அவர் எழுத்தை யாரும் வாசித்திருக்க மாட்டார்கள், அவரும் போட்டிக்கு எழுதியிருக்க முடியாது. போட்டி முடிந்த வாரம் அவர் கதை ஒன்றைக் கேட்டு வாங்கிப் போட்டு, எல்லாரும் பதில் எழுதுங்கள்.

அடுத்த போட்டிக்கு ஆள் தேடும்போது "யாராவது நடத்துறீங்களா?" என்று பொதுவில் கேட்டால் ஒருவரும் வர மாட்டார்கள். ஒருவரைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். நூறு வார்த்தைக் கதை, ஒரே வாரம், பரிசாக ஒரு புத்தகம், முந்தின போட்டியை நடத்தியவர் கூடவே நின்று உதவுவார் என்று அளவையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் காரணம் கேளுங்கள், பெரும்பாலும் ஷீட்டும் டைப்பிங்கும்தான் பயமாக இருக்கும். அதை நாம் எடுத்துக்கொண்டால் ஒத்துக்கொள்வார். அந்த முதல் போட்டிக்கு நாலே பேர் எழுதினாலும் கடைசித் தேதியைத் தள்ளிப்போட விடாதீர்கள். சொன்ன தேதிக்கு எழுதி முடித்த அந்த நாலு பேருக்குச் சொன்ன தேதியிலேயே முடிவைச் சொல்லச் சொல்லுங்கள்.