வயிற்றுக்கு ஓய்வு தேவைப்படுவோர் திருகோணமலைக்குப் போனால்

திருகோணமலை உப்புவெளியில் பெரியம்மா வீட்டில் இறங்கிய முதல் மாலையே ஒரு பிழை விட்டேன். "வயிறு கொஞ்சம் சரியில்லை, பெரியம்மா" என்று சொல்லிவிட்டேன். விடிந்ததும் ஒரு செம்பு நிறைய இலைக்கஞ்சி வந்தது. மதியம் முருங்கையிலை வறையும் வல்லாரைச் சம்பலும். மாலையில் தோலோடு அவித்த பயறு. வயிற்றுக்கு நல்லதென்று நம் ஊர் நம்பும் அத்தனையும் வரிசையாக வந்தன. குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோயால் குடலில் ஓரிடம் சுருங்கிப்போயிருக்கும் எனக்கு அவற்றில் ஒன்றுகூட ஆகாது.

ஆகவே 'வயிறு சரியில்லை' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "சக்கை உள்ள சாப்பாடு கொஞ்ச நாளைக்குக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார்" என்று சொல்லுங்கள். நார், தோல், விதை, துருவிய தேங்காய்ப்பூ என்று நான்கைச் சொன்னால் எந்தச் சமையலறைக்கும் விளங்கிவிடும். பெரியம்மாவுக்கும் அப்படித்தான் விளங்கியது. "இதை முதலே சொல்லியிருக்கலாமே, தம்பி" என்றார்.

குரோன்ஸ், பெருங்குடலில் புண் உண்டாக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் போன்றவை கிளர்ந்திருக்கும்போதும், குடல் சுருங்கியிருந்தாலும், குடலில் அறுவைச் சிகிச்சை நடந்த பின்னும், குழாய்க் கமெரா விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பிக்கு முந்திய சில நாட்களிலும் வைத்தியர்கள் இந்தச் சக்கை குறைந்த உணவைச் சொல்வதுண்டு. பொதுவாக நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் வரைதான் நார்ச்சத்து. நோயை இது குணமாக்காது. குடலில் சேரும் கழிவைக் குறைத்து அதற்கு ஓய்வு கொடுக்கும், அவ்வளவுதான். சொன்ன காலத்துக்கு மேல் நீட்டக்கூடாது. வெறும் மலச்சிக்கல் உள்ளவர் இதைப் பின்பற்றினால் பாடு இன்னும் மோசமாகும்.

ஊருக்குப் போகிறவர்கள் மிளகாய்த்தூளுக்குத்தான் பயப்படுகிறார்கள். உறைப்பு சிலருக்கு எரிச்சல் தரும், உண்மை. ஆனால் நார்க்கணக்கில் உங்களைக் கவிழ்ப்பது தேங்காய்ப்பூ. 100 கிராம் தேங்காய்ப்பூவில் சுமார் 9 கிராம் நார் இருக்கிறது. அதே அளவு வெள்ளைச் சோற்றில் அரைக் கிராம் அளவில்தான். புட்டும் சம்பலுமாக ஒரு வேளை மனம்போலச் சாப்பிட்டால் அன்றைய கணக்கின் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடும். பிழிந்து வடித்த தேங்காய்ப்பாலின் கதை வேறு. சக்கை சல்லடையில் நின்றுவிடுவதால் அளவோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இதைப் புரிந்துகொண்டால் திருகோணமலைச் சமையலே பாதி மருந்து. வெள்ளை மாவில் பிழிந்த இடியப்பம், அதன்மேல் வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம் எல்லாம் வடித்தெடுத்த சொதி, பக்கத்தில் முள் நீக்கிய மீன். எந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரியின் அச்சடித்த உணவுத் தாளும் இதைவிட நல்ல காலைச் சாப்பாட்டை எனக்குச் சொன்னதில்லை. இடியப்பம் சிவப்பரிசி மாவா, குரக்கன் மாவா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்; இரண்டும் வேண்டாம். கடையில் மாலையில் சுடும் வெள்ளை அப்பமும் முட்டை அப்பமும் நல்லவை. சாதாரண வெள்ளைப் பாணும் அப்படியே. ஆட்டாப் பாணைத் தவிருங்கள்.

மீனுக்கு இங்கே பஞ்சமில்லை. பாறை, விளைமீன், அறக்குளா எது கிடைத்தாலும் குழம்பாகவோ அவித்தோ சாப்பிடலாம். மீனில் நார்ச்சத்தே கிடையாது. மதியச் சாப்பாட்டைக் கடையில் எடுப்பதென்றால் வெள்ளைச் சோறு, மீன், குழம்பு ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். கட்டி வைத்த பார்சலை வாங்கினால் பருப்பும் வறையும் சம்பலும் சோற்றோடு கலந்து கிடக்கும், பிரித்தெடுக்க முடியாது. கொத்துறொட்டியில் லீக்ஸும் கோவாவும் இருக்கும். அதன் தாளத்தைக் காதால் கேட்டு மகிழ்வதோடு சரி.

வெள்ளிக்கிழமையும் விரத நாட்களும்தான் சிக்கல். மீன் இல்லை, முட்டை இல்லை. அந்த இடத்தைப் பருப்பும் கடலையும் சோயாமீற்றும் பிடிக்கும், மூன்றும் நார் மிகுந்தவை. அன்றைக்குத் தோல் உரித்த உருளைக்கிழங்கு, நன்றாக வெந்த கரட், தோலும் விதையும் நீக்கிய பூசணி அல்லது நீத்துப்பூசணி, கூடவே தயிர். கந்தளாய்ப் பக்கத்துச் சட்டித்தயிர் கிடைத்தால் விடாதீர்கள். பாலும் தயிரும் சேர்ந்து நாளுக்கு இரண்டு கோப்பைக்குள் நிற்கட்டும். பால் ஒத்துக்கொள்ளாதவர் அதையும் குறைக்கவேண்டும்.

பழத்தில் நன்கு கனிந்த வாழைப்பழம், தோலும் விதையும் நீக்கிய பப்பாசி. அன்னாசி, பலா, கொய்யா கூடாது. காட்டுப் பாலைப்பழம் வரும் காலமென்றால் பார்த்துவிட்டு நகருங்கள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. இளநீர் குடிக்கலாம், வழுக்கையை மற்றவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கோணேசர் கோவிலுக்குப் போனால் பிரசாதமாகப் பயறு சேர்ந்த பொங்கலோ கடலையோ கையில் விழலாம். ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொண்டு மிச்சத்தைக் கூட வந்தவரிடம் கொடுப்பதால் குறை ஒன்றுமில்லை. கடற்கரையில் கச்சானும் இறால் வடையும் மணக்கும். இறால் நல்லதுதான், அதைத் தாங்கும் பருப்பு வடைதான் ஆகாது. இறாலை மட்டும் பிய்த்துத் தின்பதைப் பார்த்து மச்சான் சிரித்தான். சிரிக்கட்டும்.

மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள், வைத்தியரின் கடிதத்தோடு. கொதித்தாறிய நீர் அல்லது போத்தல் நீர் மட்டும் குடியுங்கள். வயிற்றோட்டம் வந்தால் பார்மசியில் நீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைக் கலவையான ஜீவனிப் பொடி கேளுங்கள். வயிறு வீங்கி, முறுக்கி வலித்து, வாந்தியும் வந்து, மலமோ காற்றோ வெளியேறாமல் இருந்தால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். அப்போது கசாயமும் வேண்டாம், காலைவரை பார்ப்போம் என்ற பேச்சும் வேண்டாம். 1990 இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். நகரில் பொது வைத்தியசாலை இருக்கிறது.

கொழும்புக்குத் திரும்பும் பாதை சுமார் 260 கிலோமீற்றர். வழிநெடுக அவித்த சோளம்தான் விற்பார்கள். பாணும் அவித்த முட்டையும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு ஏறுங்கள்.