நாலு வருட நாடகப் படிப்பு: சேருவதற்கு முன்னும் பின்னும் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் ஒரு சின்ன லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் (ஒரு துறையோடு நிறுத்தாமல் பல துறைகளையும் சேர்த்துப் படிக்கவைக்கும் கல்லூரி) நாடகம் படித்தேன் என்று சொன்னால், ஊரில் இரண்டு கேள்விகள் கட்டாயம் வரும். "அதுக்கு ஏன் அவ்வளவு தூரம் போன?" என்பது ஒன்று. அதற்கு இன்னும் என்னிடம் நல்ல பதில் இல்லை. "எந்தப் படத்துல நடிச்சிருக்க?" என்பது இன்னொன்று. இந்தப் படிப்பில் சேருகிறவர்கள் செய்யும் முதல் தவறு அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. இதை நடிப்புப் பயிற்சிப் பள்ளி என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள்.

அங்கே நாடகத்துக்கு இரண்டு வகை இளநிலைப் பட்டங்கள் உண்டு. பி.எஃப்.ஏ. (பேச்சலர் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்) என்பது தொழிற்பயிற்சி. எடுக்கும் பாடங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நடிப்பு, குரல், உடலசைவு என்றே போகும். சேருவதற்கே பெரும்பாலும் ஆடிஷன் உண்டு. பி.ஏ. வேறு மாதிரி. நாலு வருடத்தில் 32 பாடம் என்று வைத்திருக்கும் கல்லூரியில், நாடகத் துறைக்குள் எடுப்பது பத்துப் பன்னிரண்டுதான். மிச்சம் வரலாறு, பொருளாதாரம், புள்ளியியல், ஒரு அயல்மொழி என்று எங்கே வேண்டுமானாலும் போகலாம். வாசர், கென்யன் போன்ற கல்லூரிகள் தருவது இந்த இரண்டாவது வகை. தினமும் எட்டு மணி நேரம் நடிப்புப் பயிற்சி கிடைக்கும் என்று நம்பி வந்துவிட்டு, "பாதி நாள் வேதியியல் லேபிலேயே போகுது" என்று புலம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். பாடத்திட்டத்தை ஒருமுறை புரட்டியிருந்தால் அந்தப் புலம்பலுக்கு வேலையே இருந்திருக்காது.

சரி, நடிகராகத்தான் ஆகவேண்டும் என்றால் பி.ஏ. வீணா? அப்படியும் முடிவு கட்டவேண்டாம். ஹாலிவுட் நடிகை மெரில் ஸ்ட்ரீப் 1971-இல் வாசரில் பி.ஏ. முடித்துவிட்டு, யேல் நாடகப் பள்ளியில் 1975-இல் முதுநிலைப் பட்டம் வாங்கினார். இன்னொரு நடிகை லுபிட்டா நியோங்கோ ஹாம்ப்ஷயர் கல்லூரியில் படித்துவிட்டு அதே யேலுக்குப் போனார். பொதுப்படிப்பு முதலில், தொழிற்பயிற்சி அப்புறம் என்ற வரிசை அங்கே பழகிப்போன ஒன்று. அந்த யேல் பள்ளி 2021 முதல் படிப்புக் கட்டணமே வாங்குவதில்லை. வீட்டில் பணப் பேச்சு எழும்போது இந்த ஒரு தகவல் நிறையவே உதவும்.

அடுத்தது, வேஷம் கிடைத்தால்தான் நாடகம் என்ற எண்ணம். முதல் செமஸ்டர் ஆடிஷன் முடிந்து ஒட்டிய பட்டியலில் என் பெயர் இல்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். அப்புறம் உதவி ஸ்டேஜ் மேனேஜர் வேலை கொடுத்தார்கள். கையில் ஒரு தடித்த ஃபைல். இடது பக்கம் நாடகப் பிரதி, வலது பக்கம் முழுக்கப் பென்சில் குறிப்புகள்: யார் எந்தச் சொல்லில் எழுந்து எங்கே போகிறார், எந்த மூச்சில் விளக்கு மாறுகிறது. பேனா கூடவே கூடாது, ஏனென்றால் நாளைக்கு எல்லாம் மாறும்.

காதில் ஹெட்செட். "லைட் 42, ஸ்டேண்ட்பை", அதாவது 42-ஆவது விளக்கு மாற்றத்துக்குத் தயாராக இரு என்று சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். சரியான அசையில் "கோ". அந்தச் சொல் காதில் விழுந்ததும் விளக்குப் பலகையில் இருப்பவர் யோசிக்காமல் பொத்தானை அழுத்துவார், அதுதான் அவர் வேலை. ஒரு ஒத்திகையில், பக்கத்தில் பசியோடு நின்ற பையனிடம் சாப்பிட்டு வா என்பதை ஆங்கிலத்தில் சொன்னேன். அதில் ஒரு "கோ" இருந்தது. கதாநாயகி அழுதுகொண்டிருந்த காட்சியில் மேடை மொத்தமும் இருண்டது. இருட்டிலும் அவள் அழுகையை நிறுத்தவில்லை என்பது வேறு விஷயம். அன்றிலிருந்து ஹெட்செட் மாட்டினால் அந்தச் சொல்லை வேறு எதற்கும் உபயோகிப்பதில்லை.

ஒரே நாடகத்தை முப்பது தடவை விங்ஸில், அதாவது மேடையின் பக்கவாட்டு மறைவில், நின்று பார்த்தால், எந்த இடத்தில் பார்வையாளர்கள் இருமுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். இருமல் வருகிற இடத்தில் நாடகம் தொய்கிறது. நடிப்பு வகுப்பில் இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

பிரதியை நாவல் போலக் கட்டிலில் படுத்துக்கொண்டு படிப்பதும் தவறுதான். எழுந்து நின்று வாய்விட்டுப் படியுங்கள். பேசாமல் மேடையில் நிற்கிற பாத்திரம் கண்ணில் படுவது அப்போதுதான்.

மற்ற துறைப் பாடங்களைக் கடனே என்று எடுப்பது இன்னொன்று. ஸ்டீபன் சோண்ட்ஹைம் வில்லியம்ஸ் கல்லூரிக்குப் போனது கணிதம் படிக்கும் எண்ணத்தோடு. விருப்பப் பாடமாக எடுத்த இசை வகுப்பு ஆளை மாற்றியது. 1950-இல் இசையில் பட்டம் வாங்கி, நியூயார்க்கின் பிராட்வே இசை நாடகத்தின் பெரிய பெயர்களில் ஒன்றானார். எல்லோருக்கும் இப்படி நடக்காது. ஆனால் நீங்கள் கட்டுகிற பணத்தில் பாதிக்குமேல் அந்த மற்ற வகுப்புகளுக்குத்தான் போகிறது, அதையாவது யோசியுங்கள்.

எனக்கு ரொம்ப வெட்கமாக இருந்த தவறு, சொந்த ஊர்க் கூத்தைத் தெரிந்துகொள்ளாமல் போனது. இரண்டாம் வருடம் உலக நாடக வரலாறு வகுப்பில், தெருக்கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரனின் வேலை என்ன என்று பேராசிரியர் என்னைப் பார்த்துக் கேட்டார். கூத்து விடிய விடிய நடக்கும் என்பதற்குமேல் எனக்கு ஒன்றும் வரவில்லை. தெருக்கூத்தைப் பற்றி ரிச்சர்ட் ஃப்ராஸ்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990-இல் வெளியிட்ட புத்தகம் அந்தக் கல்லூரி நூலகத்திலேயே இருந்தது. பனி கொட்டுகிற ஊரில் உட்கார்ந்து, ஆங்கிலத்தில், நாகஸ்வரம் போன்ற சின்னக் குழலான முகவீணையைப் பற்றியும் திரைக்குப் பின்னால் நின்று பாடி வேஷக்காரர் நுழைவதைப் பற்றியும் படித்தேன். கிளம்புவதற்கு முன் காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து ஒன்றையாவது இரவு முழுக்க உட்கார்ந்து பாருங்கள். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. இந்தியா என்று எது வந்தாலும் உங்களைத்தான் கேட்பார்கள், கதகளி உட்பட. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவது நல்லது.

நேரக் கணக்கிலும் கோட்டை விடுவோம். ஒத்திகை பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான், வாரத்தில் ஐந்தாறு நாள். அரங்கேற்றத்துக்கு முந்தைய வாரம் விளக்கு, ஒலி, உடை எல்லாம் சேரும்போது நள்ளிரவு ஆகிவிடும். அந்த வாரத்தில் எந்தக் கட்டுரை வருகிறது என்று செமஸ்டர் தொடக்கத்திலேயே பார்த்து, அந்தந்த ஆசிரியரிடம் சொல்லிவைத்தால் பெரும்பாலோர் ஒத்துழைப்பார்கள். முந்தின நாள் இரவு மின்னஞ்சல் போட்டால் மாட்டார்கள்.

செய்த வேலைக்குச் சாட்சி வைக்காமல் விடாதீர்கள். செட் வரைபடம், விளக்குக் குறிப்பு, மேடைப் படங்கள் எல்லாவற்றையும் அன்றன்றே எடுத்து வையுங்கள். வடிவமைப்பில் முதுநிலை படிக்கப் போனால் முதலில் கேட்பது அதைத்தான். தில்லி தேசிய நாடகப் பள்ளியின் மூன்று வருடப் படிப்பும் பட்டத்தோடு நாடக அனுபவத்தையும் கேட்கிறது. விசா விஷயமும் உண்டு. மாணவர் விசாவில் படித்து முடித்தபின் 12 மாதம் அங்கே வேலை பார்க்கலாம். கணினி படித்தவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதம் நாடகப் பட்டத்துக்குக் கிடையாது. இதைக் கடைசி வருடத்தில் தெரிந்துகொண்டு நான் முழித்தேன்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். கடைசிக் காட்சி முடிந்த அன்றிரவே செட்டைப் பிரித்துவிடுவார்கள், நடிகர்களும் சேர்ந்துதான். மேக்கப்பைக் கலைத்துவிட்டு நழுவுகிறவர்களை அடுத்த ஆடிஷன் வரைக்கும் எல்லோரும் ஞாபகம் வைத்திருப்பார்கள். மரமும் ஆணியும் பறக்கிற இடம் என்பதால், கால் மூடிய ஷூ இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். நான் முதல் தடவை செருப்போடு போய், வாசலிலிருந்து விடுதிக்கு மறுபடி நடந்தேன்.