இடவப்பாதிக்கு முன் வீட்டில் முடித்துவிட வேண்டிய சில்லறை வேலைகள்

கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை, அதாவது இடவப்பாதி மழை, தொடங்குவதாகக் கணக்கு வைத்திருக்கும் தேதி ஜூன் 1. மார்த்தாண்டம், குலசேகரம், செங்கோட்டைப் பக்கமெல்லாம் அதை ஒட்டியே வானம் மூடிக்கொள்ளும். அது ஓய்ந்து துணி காய்வதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். இரண்டு மழையும் வாங்குகிற இந்த ஊர்களில் கதவு இறுகும், சுவரில் பூஞ்சை பிடிக்கும், சன்ஷேடுக்கு அடியில் ஈரம் இறங்கும். மழை தொடங்கிய பிறகு இவற்றில் கை வைத்தால் பிரைமர் காயாது, சீலன்ட் ஒட்டாது. அதனால் மே மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்குங்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டிலும் காலை பத்து மணி வெயில் ஏறுவதற்குள் ஒவ்வொன்றாக முடித்துவிடலாம்.

சனிக்கிழமை மாலையே ஹார்டுவேர் கடையில் வாங்கி வைக்க வேண்டியவை: 100, 180 நம்பர் உப்புத்தாள் இரண்டிரண்டு, வுட் பிரைமர் 200 மி.லி., எனாமல் பெயின்ட் 200 மி.லி., ஒன்றரை இஞ்ச் பிரஷ், சின்ன ஃபெவிகால், ஒரு டியூப் சிலிக்கான் சீலன்ட், பிளீச்சிங் பவுடர் அரை கிலோ. சீலன்டைப் பிதுக்கும் துப்பாக்கியும் இழைப்புளியும் பக்கத்து வீட்டில் இருந்தால் இரவல் போதும்.

இறுகும் கதவு

இதைத்தான் பலரும் தப்பாகச் செய்கிறார்கள். ஜூலையில் கதவு இறுகியதும் ஆசாரியைக் கூப்பிட்டு ஓரத்தை நன்றாக இழைத்துவிடுவார்கள். பிப்ரவரியில் மரம் காய்ந்து சுருங்கும்போது தாழ்ப்பாள் நாக்கு நிலையில் மாட்டாத அளவுக்கு இடைவெளி விழும். மழைக்காலத்தில் இறுகினால் உரசும் இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து ஓட்டுங்கள். இழைப்பதெல்லாம் வெயில் காலத்தில்தான்.

மரம் ஈரத்தில் அகலவாக்கில் உப்பும். நீளவாக்கில் அனேகமாக மாறாது. அதனால் ஈரத்தால் இறுகுகிற கதவு பூட்டுப் பக்கத்து ஓரம் முழுக்க உரசும். பூட்டுப் பக்கத்து மேல் மூலை மட்டும் இடித்தால் காரணம் ஈரமல்ல, மேல் கீல் தளர்ந்து கதவு சரிந்திருக்கிறது. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் இழைப்புளியை எடுக்க வேண்டாம்.

1. நிலையின் உள்விளிம்பில் கலர் சாக்பீஸை அழுத்தித் தேயுங்கள். கதவை மெதுவாகச் சாத்தித் திறங்கள். கதவில் எங்கே சாக்பீஸ் ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் உரசுகிறது. பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

2. கதவைப் பாதி திறந்து, கைப்பிடிப் பக்கம் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கீல் ஆடினால் திருப்புளியால் ஸ்குரூவை முடுக்குங்கள். முடுக்க முடுக்கச் சும்மா சுற்றினால் ஓட்டை பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். ஸ்குரூவைக் கழற்றி, மருந்து நீக்கிய தீக்குச்சி மூன்று நான்கை ஃபெவிகாலில் தோய்த்து ஓட்டைக்குள் இறுகச் செருகி, வெளியே நீட்டுவதை வெட்டிவிடுங்கள். அன்று முழுக்க அந்தக் கதவைத் தொடாமல் விட்டு, மறுநாள் அதே ஸ்குரூவைப் போட்டால் பிடிக்கும். பாதிக் கதவுகள் இதிலேயே சரியாகிவிடும்.

3. அப்புறமும் உரசினால் குறித்த இடத்தை 100 நம்பர் உப்புத்தாளைக் கட்டையில் சுற்றித் தேயுங்கள். அது போதாவிட்டால் மட்டும் இழைப்புளி. ஓரத்தின் முனையிலிருந்து நடுவை நோக்கித் தள்ள வேண்டும். நடுவிலிருந்து முனைக்குத் தள்ளினால் மூலை பிளந்து சிராய் எழும். வெயில் காலத்தில் நிலைக்கும் கதவுக்கும் நடுவே ஒரு ரூபாய் நாணயம் இரண்டைச் சேர்த்து நுழைக்கும் அளவு, அதாவது சுமார் 3 மி.மீ. இருந்தால் போதும். ஃபிளஷ் டோர் (இரண்டு பக்கமும் பிளைவுட் ஒட்டிய சமதளக் கதவு) என்றால் சுற்றி ஓடும் மரச்சட்டம் குறுகலானது. ஓரிரண்டு மி.மீ.க்கு மேல் எடுக்கக் கூடாது.

4. இனிதான் முக்கியமான வேலை. கதவின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் தடவிப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அங்கே பெயின்டே இருக்காது, கண்ணுக்குத் தெரியாத இடம் என்று பெயின்டர் விட்டிருப்பார். கதவின் நெடுஞ்சட்டங்களின் வெட்டு முனைகள் அங்கேதான் திறந்து கிடக்கின்றன. வைக்கோல் கட்டின் அறுத்த முனை மாதிரி அவை தண்ணீரை உறிஞ்சும். முகப்பில் எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் கீழிருந்து ஈரம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். அயனி, பலா, தேக்கு எதுவானாலும் இதே கதைதான்.

மேல் விளிம்புக்கு ஸ்டூல் போட்டு ஏறி, உப்புத்தாளால் தேய்த்துத் தூசி துடைத்து, பிரைமர் ஒரு கோட்டும் எனாமல் இரண்டு கோட்டும் அடியுங்கள். இழைத்த ஓரத்துக்கும் அதே. கீழ் விளிம்புக்குக் கதவைக் கழற்ற வேண்டியதில்லை. பழைய மிதியடித் துண்டு ஒன்றைக் கதவின் கனத்தைவிடச் சற்று அகலமாக வெட்டி, அதன் மேல் பெயின்ட் பூசி, கதவுக்கு அடியில் நுழைத்து இரண்டு பக்கமும் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். தரையில் முதலில் பேப்பர் விரித்துக்கொள்ளுங்கள். கோட்டுக்குக் கோட்டு டப்பாவில் போட்டிருக்கும் நேரம் விட வேண்டும். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை இதற்குத்தான்.

அடியில் துண்டு நுழையாத அளவுக்கு இடைவெளி குறைவென்றால் கதவைக் கழற்றத்தான் வேண்டும். இரண்டு பேர் வேண்டும். அடியில் மடித்த பேப்பர் செருகிப் பாரத்தைத் தாங்கவிட்டு, கீழ்க் கீலை முதலில், மேல் கீலைக் கடைசியில் கழற்றுங்கள். மாட்டும்போது மேல் கீல் முதலில்.

சொட்டும் குழாய்

நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் நாளைக்கு நாலு லிட்டருக்கு மேல் போகும். பல சுற்றுத் திருகுகிற பழைய குழாயில் தேய்வது ரப்பர் வாஷர். கால் சுற்றில் திறந்து மூடுவதில் உள்ளே பீங்கான் தகடு வைத்த ஸ்பின்டில் இருக்கும். மணலோ உப்புப் பொரிவோ புகுந்தால் அந்தத் தகட்டில் கீறல் விழுந்து கசியும். ஸ்பின்டிலையே மாற்ற வேண்டியதுதான்.

கேட் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். வாஷ்பேசின் ஓட்டையைத் துணியால் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தச் சின்ன ஸ்குரூ நேராகச் சாக்கடைக்குப் போகும். கைப்பிடி மேலுள்ள மூடியை நெம்பி, ஸ்குரூவைக் கழற்றி, கைப்பிடியை உருவினால் ஸ்பின்டிலின் நட்டு தெரியும். ஸ்பேனரால் இடப்பக்கம் திருகுங்கள். கழற்றியதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். வாயில் சொல்லி வாங்கினால் பல் எண்ணிக்கையோ நீளமோ மாறிக் கைப்பிடி உட்காராது.

புதியதைப் போடுவதற்கு முன் உள்ளே படிந்த உப்பை வினிகர் தொட்ட பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துவிடுங்கள். கேட் வால்வைத் துளி திறந்து, ஒரு கை தண்ணீர் பீய்ச்சவிட்டுக் குப்பையை வெளியேற்றி மூடுங்கள். இதை விட்டுவிட்டுப் புது ஸ்பின்டில் போட்டால் மறு வாரமே சொட்டும். கையால் இறுகிய பிறகு ஸ்பேனரில் கால் சுற்று போதும்.

ஃபிளஷ் டேங்க் கசிகிறதா என்று தெரிய, டேங்குக்குள் ஒரு சிட்டிகை கேசரி கலர் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். கோப்பைக்குள் நிறம் இறங்கினால் அடி வாஷர் போய்விட்டது. சில நேரம் அதில் பாசிதான் படிந்திருக்கும். கழற்றிக் கழுவிப் போட்டுப் பாருங்கள்.

சுவரில் பூஞ்சை

முதலில் அது பூஞ்சைதானா என்று பாருங்கள். வெள்ளையாகப் பொடிந்து, தண்ணீர் பட்டால் கரைந்தால் அது உப்பு. அதற்குப் பிளீச்சிங் பவுடர் உதவாது. காய்ந்த பிரஷால் தட்டி எடுக்க வேண்டும். கருப்பு, பச்சைப் புள்ளிகள்தான் பூஞ்சை.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிக்க, ஒரு அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் சுவரில் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் நீர் கோத்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது, வெளியே கசிவைத் தேட வேண்டும். அறைப் பக்கம் கோத்தால் காற்றோட்டம் போதவில்லை. பீரோவைச் சுவரிலிருந்து மூன்று இஞ்ச் நகர்த்தினாலே குறையும்.

ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி பிளீச்சிங் பவுடர் கலக்கித் தெளியவிட்டு, மேலே உள்ள நீரை மட்டும் எடுங்கள். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துப் பூசி, கால் மணி நேரம் கழித்து ஈரத்துணியால் துடையுங்கள். டிஸ்டெம்பர் சுவரில் நிறம் வெளுக்கலாம், மூலையில் தொட்டுப் பாருங்கள். குழாய்க்கு வினிகர் ஊற்றிய பாத்திரத்தில் இதைக் கலக்கவே கூடாது. டாய்லெட் ஆசிடும் அப்படித்தான். குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். பூஞ்சையைத் துடைக்காமல் மேலே பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்குள் அதுவும் சேர்ந்து உரியும்.

சன்ஷேடு

ஜன்னலுக்கு மேல் சுவர் நனைகிற வீடுகளில் சன்ஷேடுக்கு அடிப்பக்கம் கவனியுங்கள். விளிம்பில் சொட்ட வேண்டிய தண்ணீர் அடிப்பரப்பில் ஒட்டிக்கொண்டே சுவர் வரை ஓடி வரும். விளிம்பிலிருந்து ஒரு இஞ்ச் உள்ளே, நீளவாக்கில் அரை இஞ்ச் பி.வி.சி. ஆங்கிள் ஒன்றைச் சிலிக்கானால் ஒட்டினால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஒட்டும் இடம் சுத்தமாகவும் நன்றாகக் காய்ந்தும் இருக்க வேண்டும். ஒட்டியபின் ஒரு நாள் மாஸ்கிங் டேப் போட்டுப் பிடித்து வையுங்கள். கீழ்த்தளத்து ஜன்னலுக்கு மேஜை போட்டு ஏறலாம். மாடி ஜன்னலும் ஓட்டுக் கூரையும் ஆளைக் கூப்பிட வேண்டிய வேலை.