ஒரு டிரேடை எடைபோடும்போது நாம் செய்யும் தவறுகள்

அமெரிக்க பேஸ்பால் அணியான டெட்ராய்ட் டைகர்ஸின் ரசிகர்களிடம் ஜான் ஸ்மோல்ட்ஸ் பெயரை எடுத்தால் இன்றும் பெருமூச்சு விடுவார்கள். 1987 ஆகஸ்டில், இருபது வயதில் மைனர் லீக்கில் (மேஜர் லீக்குக்குக் கீழே வீரர்கள் வளரும் நிலை) ஆடிக்கொண்டிருந்த அந்த பிட்சரை, அதாவது பந்துவீச்சாளரை, அட்லாண்டா பிரேவ்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, 36 வயது டாயில் அலெக்சாண்டரை டெட்ராய்ட் வாங்கியது. ஸ்மோல்ட்ஸ் பின்னாளில் 213 வெற்றிகளும் 154 சேவ்களும் (கடைசியில் இறங்கி அணியின் முன்னிலையைக் காத்த ஆட்டங்கள்) குவித்தார். 1996இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது பெற்றார். 2015இல் பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமுக்குள் நுழைந்தார். பேஸ்பால் வரலாற்றின் மோசமான டிரேடுகள் (அணிகளுக்கு இடையிலான வீரர் மாற்றங்கள்) என்று யார் பேசினாலும் இது தவறாமல் வந்துவிடும்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. அலெக்சாண்டர் டெட்ராய்டுக்காக அந்த ஆண்டு 11 ஆட்டங்களைத் தொடங்கினார். ஒன்பதில் வெற்றி, ஒன்றில்கூடத் தோல்வி இல்லை. ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, அவர் விட்டுக்கொடுத்தது சராசரியாக 1.53 ரன். டொரண்டோவை வெறும் இரண்டு ஆட்ட வித்தியாசத்தில் முந்தித்தான் டெட்ராய்ட் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. அவர் இல்லாமல் அது நடந்திருக்குமா? ஸ்மோல்ட்ஸோ அந்தக் கோடையில் டபுள்-ஏ என்ற மைனர் லீக் நிலையில் 4 வெற்றி, 10 தோல்வி, 5.68 ரன் சராசரி என்று திணறிக்கொண்டிருந்தார். அன்று கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் டெட்ராய்ட் செய்தது நியாயமான முடிவு. பின்னால் நடந்ததைக் கொண்டு முன்னால் எடுத்த முடிவுக்குத் தீர்ப்பு எழுதுவதுதான் ரசிகர்கள் செய்யும் முதல் தவறு, பெரிய தவறும்கூட.

அதற்காக எல்லா டிரேடுகளையும் மன்னித்துவிட முடியாது. 1990 ஆகஸ்டில் போஸ்டன் ரெட் சாக்ஸ், ஜெஃப் பேக்வெல் என்ற இளம் பேட்டரை ஹூஸ்டனுக்குக் கொடுத்து லாரி ஆண்டர்சன் என்ற ரிலீஃப் பிட்சரை (ஆட்டத்தின் நடுவில் மாற்றாக இறங்கும் பந்துவீச்சாளரை) வாங்கியது. ஆண்டர்சன் 22 இன்னிங்ஸ் நன்றாகவே வீசினார். ஆனால் சீசன் முடிந்ததும் போஸ்டனை விட்டுப் போய்விட்டார். பேக்வெல் அடுத்த ஆண்டே சிறந்த புதுமுக வீரர் விருது வாங்கினார். 449 ஹோம் ரன்களோடு (பெரும்பாலும் பந்தை வேலிக்கு அப்பால் அடிப்பவை) ஓய்வு பெற்றார். இங்கே போஸ்டனைக் குறை சொல்வது முழுக்க நியாயம். ஏனென்றால் அவர் யார் என்பது அன்றைய எண்களிலேயே எழுதியிருந்தது. 1990இல் போஸ்டனின் மைனர் லீக் அணியான நியூ பிரிட்டனுக்காக அவர் அடித்தவை நான்கே ஹோம் ரன்கள்தான். அந்த நான்கைப் பார்த்தவர்கள் அவரைப் பந்தைத் தூரமாக அடிக்கும் வலுவில்லாதவர் என்று நினைத்தார்கள். ஆனால் அவருடைய பேட்டிங் சராசரி .333, அதாவது மூன்று முயற்சிக்கு ஒரு ஹிட். டபுள்கள் (இரண்டாம் பேஸ் வரை சேர்க்கும் அடிகள்) முப்பதுக்கும் மேல். மூன்று ஸ்ட்ரைக்கில் ஸ்ட்ரைக்அவுட் ஆனதைவிட, மோசமான பந்துகளை விட்டுவிட்டு முதல் பேஸுக்கு நடந்து போனதே அதிகம். அவருடைய மைதானமோ பேட்டர்களைப் படுத்தி எடுக்கும் மைதானம். இருபத்திரண்டு வயதில் பந்தை இப்படித் தேர்ந்தெடுத்து அடிப்பவருக்கு, உடல் வலுவேறும்போது டபுள்கள் ஹோம் ரன்களாக மாற வாய்ப்பு அதிகம்.

ஒரே ஒரு எண்ணைப் பார்த்து முடிவுக்கு வருவதும், அந்த எண் எந்த மைதானத்தில், எந்த வயதில், எந்த நிலையில் எடுக்கப்பட்டது என்று கேட்காமல் விடுவதும் உண்மையில் ஒரே தவறுதான். டென்வர் நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள மெல்லிய காற்றில் பந்து கூடுதல் தூரம் பறக்கும். அந்நகரின் கொலராடோ ராக்கீஸ் அணி வீரரின் சொந்த மைதான எண்களையும் வெளியூர் எண்களையும் பிரித்துப் பார்க்காமல் அவருக்கு விலை பேசக்கூடாது. அதேபோல, டபுள்-ஏவுக்கும் கீழான ஏ நிலையில் 24 வயது வீரர் ஒருவர் வெளுத்துக் கட்டுகிறார் என்றால் அவர் தன்னைவிட இளையவர்களை அடிக்கிறார் என்று பொருள். அதே இடத்தில் 19 வயதுப் பையன் சுமாராகத் தாக்குப்பிடித்தாலே எனக்கு அவன்மேல் நம்பிக்கை வரும்.

பிட்சர்களை வெற்றிக் கணக்கை வைத்து எடைபோட வேண்டும் என்று இன்னும் வாதாடுபவர்கள் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. 2018இல் ஜேக்கப் டிகிராம் 1.70 ரன் சராசரியோடு சை யங் விருது வாங்கினார், வெற்றிகள் பத்துதான். 1987இல் நோலன் ரயன் தன் லீகிலேயே குறைந்த ரன் சராசரியையும் அதிக ஸ்ட்ரைக்அவுட்களையும் வைத்திருந்தும் 8 வெற்றி, 16 தோல்வி என்று முடித்தார். தன் அணி ரன் எடுக்காவிட்டால் பிட்சர் என்ன செய்வார்?

சீசன் தொடக்கமான ஏப்ரல் மாத எண்களை நம்பி யாரையும் விற்கவோ வாங்கவோ சொல்லாதீர்கள். 2006 ஏப்ரலில் டெட்ராய்டின் கிறிஸ் ஷெல்டன் 10 ஹோம் ரன்கள் அடித்தார். அந்த ஆண்டு முழுவதற்கும் அவருடைய கணக்கு 16. பாதி சீசன் தாண்டியதும் மைனர் லீக்குக்கு அனுப்பிவிட்டார்கள். 'வார்' கணக்கிலும் (சாதாரண மாற்று வீரரைவிட ஒருவர் அணிக்கு எத்தனை வெற்றி கூடுதலாகத் தருகிறார் என்ற மதிப்பீடு) இதே எச்சரிக்கை வேண்டும். ஒருவருக்கு 4.1, இன்னொருவருக்கு 3.8 என்றால் முதலாமவர் சிறந்தவர் என்று சாதிக்காதீர்கள். வெவ்வேறு தளங்கள் அதை வெவ்வேறு முறையில் கணக்கிடுகின்றன. அவ்வளவு சிறிய இடைவெளிக்குப் பொருளே இல்லை.

வளரும் வீரர்கள் விஷயத்தில் நம் தவறு வேறு மாதிரியானது. பட்டியலில் முதலில் இருப்பவரை மட்டும் பார்த்து அணி எதைப் பெற்றது என்று முடிவு கட்டுகிறோம். 2008 ஜூலையில் பிட்சர் சி.சி. சபாத்தியாவை மில்வாக்கிக்குக் கொடுத்தபோது கிளீவ்லாந்துக்குக் கிடைத்த பெரிய பெயர் மேட் லாபோர்டா. முந்தைய ஆண்டு டிராஃப்டில் (அணிகள் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) ஏழாவதாகத் தேர்வானவர். டிரேடின் கடைசி உறுப்பினர், பெயர் பின்னர் அறிவிக்கப்படும் என்று விடப்பட்டிருந்தவர், மைக்கேல் பிராண்ட்லி. லாபோர்டா மேஜர் லீக்கில் நிலைக்கவே இல்லை. பிராண்ட்லி ஐந்து முறை ஆல்-ஸ்டார் (ஆண்டின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆட்டத்துக்குத் தேர்வானவர்) ஆனார். மில்வாக்கிக்கும் நஷ்டமில்லை: சபாத்தியா அங்கே 11 வெற்றி, 2 தோல்வி, 1.65 சராசரியோடு, 1982க்குப் பிறகு முதன்முறையாக அணியை பிளேஆஃபுக்கு (சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளுக்கு) கொண்டுபோனார். ஒரு டிரேடில் ஒருவர் ஏமாந்தே தீர வேண்டும் என்று நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு மிச்சம் என்று பார்க்காமல் இரண்டு பெயர்களை மட்டும் தராசில் வைப்பதும் வீண் வேலை. 2022 ஆகஸ்டில் பல இளம் வீரர்களைக் கொடுத்து வாஷிங்டனிடமிருந்து சான் டியாகோ பாட்ரெஸ் வாங்கிய பேட்டர் ஹுவான் சோட்டோ இன்னும் இரண்டு முழு சீசன்களுக்கு மேல் அவர்கள் கையில் இருப்பார் என்பதுதான் அந்த விலைக்குக் காரணம். 2023 டிசம்பரில் அவரை யாங்கீஸுக்கு விற்றபோது மிச்சமிருந்தது ஒரே ஒரு சீசன்.

பெரிய டிரேடு நடக்கும் நாளில் என் கருத்தைக் காரணத்தோடு ஒரு நோட்டில் எழுதி, ஐந்தாண்டு கழித்துப் பிரித்துப் பார்ப்பது என் வழக்கம். 2022 ஆகஸ்ட் 2 தேதியிட்ட பக்கத்தில், சோட்டோவுக்கு ஈடாக வாஷிங்டன் பெற்றவர்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். மெக்கன்சி கோர், சி.ஜே. ஏப்ரம்ஸ், ராபர்ட் ஹாசெல் ஆகிய மூவருக்கும் ஆளுக்கொரு பத்தி. ஜேம்ஸ் வுட்டுக்கு ஒரு வரி: 'உயரமான பையன், தொலைவில் இருக்கிறான்.' 2025இல் வுட் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். அந்த வரியை நான் அடித்து அழிக்கவில்லை. 2027 ஆகஸ்டில் அந்தப் பக்கத்தை மறுபடி திறப்பேன்.